5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் அடிக்கடி அறுந்துபோகிறதா? காரணத்தைப் படிப்படியாகப் பிடிக்கும் வழி

வீட்டில் வைஃபை நின்றதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ரௌட்டரின் சுவிட்சை அணைத்துப் போடுவது. பெரும்பாலும் சரியாகிவிடும். தொல்லையே அதில்தான் இருக்கிறது. எதனால் நின்றது என்பதற்கான தடயம் முழுவதும் அந்த ஒரு சுவிட்சோடு அழிந்துபோகிறது. மறுநாள் மாலை மறுபடியும் நிற்கிறது, மறுபடியும் சுவிட்ச். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டும் வீடுகள் உண்டு.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு குறிப்பிட்ட கோளாறு. 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் உள்ள ரௌட்டர். ஃபைபர் இணைப்போடு இணைய நிறுவனமே கொடுத்த பெட்டியாக இருக்கலாம், கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். 2.4 ஒழுங்காக ஓடுகிறது. வேகமான 5 மட்டும் திடீரென்று எல்லாக் கருவிகளையும் உதறிவிடுகிறது. சிறிது நேரத்தில் தானே திரும்பியும் வருகிறது. 2.4 அறுந்துபோகும் வீடுகளுக்கும் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது.

தேவையானவை: ஒரு தாள், பேனா, கைபேசி. மடிக்கணினியும் ஒரு லேன் கேபிளும் இருந்தால் நல்லது. ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கான முகவரியும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். அதை இப்போதே கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அறுந்த அந்த நிமிடத்தில் என்ன பார்ப்பது

‘வைஃபை போய்விட்டது’ என்று நாம் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. சுவிட்சைத் தொடுமுன் கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸின் பெயரே பட்டியலில் இல்லையா? அப்படியானால் ரௌட்டர் அந்த அலைவரிசையில் ஒலிபரப்பையே நிறுத்திவிட்டது, அல்லது உங்கள் கருவிக்குக் கேட்காத சேனலுக்கு, அதாவது அதே அலைவரிசையின் வேறொரு உட்பிரிவுக்குத் தாவிவிட்டது. ரேடார் (எப்படி என்பது 4ஆம் படியில்), சூடு, மின்சாரம் ஆகிய மூன்றையும் இங்கே சந்தேகிக்க வேண்டும்.

பெயர் தெரிகிறது, சிக்னல் கோடுகளும் நிறைய இருக்கின்றன, ஆனால் இணைய மறுக்கிறதா? ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். சரியான கடவுச்சொல்லையே தவறு என்றும் சொல்லும். இது பாதுகாப்பு அமைப்பிலோ முகவரி வழங்குவதிலோ உள்ள சிக்கல்.

இணைந்தே இருக்கிறது, இணையம் மட்டும் வரவில்லையா? அநேகமாக வைஃபையின் மேல் குற்றமே இல்லை. வெளியிலிருந்து வரும் ஃபைபரையோ நிறுவனத்தையோதான் பார்க்க வேண்டும்.

இதோடு இன்னும் இரண்டைக் கவனியுங்கள். வீட்டில் உள்ள வேறொரு கருவிக்கும் அதே நிலையா, ஒன்றுக்கு மட்டுமா? பெட்டியின் விளக்குகள் எப்படி இருக்கின்றன? ஃபைபர் பெட்டியில் ‘பான்’ என்ற விளக்கு நிலையாகப் பச்சையில் எரிய வேண்டும். ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபர் வழியே ஒளி வரவில்லை என்று பொருள். அப்போது வைஃபை அமைப்புகளை எவ்வளவு நோண்டினாலும் பயன் கிடையாது. நேராக நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

தாளில் தேதி, நேரம், மூன்றில் எந்த வகை, எத்தனை நேரம் கழித்துத் திரும்பியது என்று ஒரு வரி எழுதுங்கள். அறுந்த அன்று மின்வெட்டு இருந்ததா, வெயில் கடுமையா, மழையா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தாறு வரிகள் சேர்ந்ததும் அந்தத் தாளே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அறுந்தால், ரௌட்டர் குழுச் சாவியை, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான மறையாக்கச் சாவியைப் புதுப்பிக்கும் நேரத்தோடு அது ஒத்துப்போகலாம். பல ரௌட்டர்களில் இது 3600 நொடிக்கு ஒருமுறை நடக்கும். பழைய கருவிகள் சில அந்த இடத்தில் தடுமாறும். தினமும் ஒரே கடிகார நேரத்தில் போனால் நிர்வாகப் பக்கத்தில் வைஃபை கால அட்டவணையோ தானாக மறுதொடக்கமாகும் வசதியோ இயங்குகிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் இரவில் கைபேசி பார்க்கக் கூடாதென்று யாரோ வைத்து மறந்துபோன அட்டவணை பல வீடுகளில் பேய்போல உலவுகிறது. மதியம் மட்டும் என்றால் சூடு. மின்சாரம் போய் வரும் வேளைகளில் மட்டும் என்றால் அடாப்டர் அல்லது இன்வெர்ட்டர். எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒரு நிமிடம் முதல் அரை மணி வரை பெயரே காணாமல் போய்த் திரும்பினால் 4ஆம் படியை நிதானமாகப் படியுங்கள்.

படி 2: வெளிக் கோளாறா, வீட்டுக் கோளாறா

மடிக்கணினியை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்து, கமாண்ட் பிராம்ப்ட் சன்னல்கள் இரண்டைத் திறந்து, ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும் பிங் கட்டளையை இரண்டிலும் ஓடவிடுங்கள். ஒன்று ரௌட்டரின் உள் முகவரிக்கு. பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. மற்றொன்று கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு. விண்டோஸில் கட்டளையின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் ஆங்கில ‘டி’ எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

அறுந்துபோகும்போது இரண்டும் நின்றால் கோளாறு கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையில், அதாவது வைஃபையில். ரௌட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு வெளியில். இரண்டுமே ஓடுகின்றன, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ் சேவையைச் சந்தேகிக்கலாம், ரௌட்டரில் டி.என்.எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 வைத்துப் பாருங்கள்.

படி 3: இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர்

இப்போது வரும் ரௌட்டர்கள் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரைக் கொடுத்து, எந்தக் கருவியை எதில் வைப்பது என்று தாமே முடிவு செய்கின்றன. ‘ஸ்மார்ட் கனெக்ட்’, ‘பேண்ட் ஸ்டீயரிங்’ என்றெல்லாம் இதற்குப் பெயர். ஒழுங்காக வேலை செய்தால் வசதிதான். ஆனால் மலிவான பெட்டிகளில் இதுவே அறுப்புக்குக் காரணமாகிறது: கைபேசியை 2.4-இலிருந்து தள்ளிவிட்டு 5-க்கு அழைக்கும், அது வர மறுக்கும், மீண்டும் தள்ளும். கூடத்தில் நின்று காணொளி அழைப்பில் பேசுகிறவருக்கு இது ‘அடிக்கடி கட்டாகிறது’ என்றுதான் தெரியும்.

அந்த வசதியை அணைத்துவிட்டு 5 ஜிகாஹெர்ட்ஸுக்குப் பெயரின் இறுதியில் 5 என்று சேர்த்து வையுங்கள். கைபேசியையும் டிவியையும் அதில் இணைத்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். அறுப்பு அடியோடு நின்றால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. பெயர்களைப் பிரித்தே வைத்துக்கொள்ளலாம். நிற்காவிட்டாலும் பெயர் பிரிந்திருப்பதால் எது போகிறது, எது நிற்கிறது என்று இனி ஐயமில்லாமல் தெரியும். அடுத்த படிகளுக்கு இது அவசியம்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றி அறுப்பு நின்றால் எது தீர்த்தது என்று தெரியாது; ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

படி 4: சேனலும் ரேடாரும்

5 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் மறைகிற வீடுகளில் நான் முதலில் கேட்பது, ‘எந்தச் சேனலில் ஓடுகிறது?’ என்பதைத்தான். நிர்வாகப் பக்கத்தின் வைஃபை நிலைப் பகுதியில் அது இருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிக்கான வைஃபை அனலைசர் செயலிகளும் காட்டும். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியை நிறுவி, அமைப்புகளில் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்கினால் தெரியும்.

5 ஜிகாஹெர்ட்ஸ் சேனல்கள் மூன்று கூட்டங்களாக இருக்கின்றன. கீழே 36, 40, 44, 48. மேலே 149 முதல் 165 வரை. நடுவில் 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் ஒரு பெரிய கூட்டம். இந்த நடுக் கூட்டத்தின் அலைவெண்களை வானிலை ரேடார்களும் இராணுவ ரேடார்களும் ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. அதனால் அங்கே ஓடும் ரௌட்டர் ரேடாரைக் கேட்டதும் ஒதுங்கிவிட வேண்டும் என்ற விதியோடு தயாரிக்கப்படுகிறது. டி.எஃப்.எஸ் என்பது இந்த ஏற்பாட்டின் பெயர்.

ஒதுங்குவது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் தாளில் உள்ள நேரக் குறிப்புகள் திடீரென்று புரியத் தொடங்கும். இந்த நடுக் கூட்டத்துச் சேனலில் ஒலிபரப்பைத் தொடங்குமுன் ரௌட்டர் குறைந்தது 60 நொடி வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ரௌட்டரை அணைத்துப் போட்டதும் 2.4 உடனே வந்து, 5 மட்டும் ஒரு நிமிடம் தாமதமாக வருவது இதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடார் போன்ற ஒரு துடிப்பைக் கேட்டால் 10 நொடிக்குள் அந்தச் சேனலை விட்டு வெளியேற வேண்டும். பிறகு 30 நிமிடத்துக்கு அங்கே திரும்பக் கூடாது. வெளியேறி 36-க்குப் போனால் சில நொடித் தடங்கலோடு முடியும். நடுக் கூட்டத்திலேயே வேறொரு சேனலுக்குப் போனால் மறுபடி 60 நொடி மௌனம். நீங்கள் சேனலைக் கையால் 100 என்று நிலைப்படுத்தி வைத்திருந்தால், சில ரௌட்டர்கள் வேறெங்கும் போகாமல் அந்த அரை மணி நேரமும் 5 ஜிகாஹெர்ட்ஸை மூடியே வைத்துவிடும். ஒரு நிமிடம், அல்லது அரை மணி. உங்கள் தாளில் இந்த இரண்டு அளவுகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

‘எங்கள் ஊரில் ஏது ரேடார்?’ என்று கேட்கலாம். சென்னைக்காரர்கள் துறைமுகத்து டாப்ளர் வானிலை ரேடாரை நினைப்பார்கள். அதன்மேல் பழி போட முடியாது. அது எஸ் பேண்டில், 3 ஜிகாஹெர்ட்ஸுக்கும் கீழே இயங்குவது. நம் ரௌட்டரின் சேனல்களோடு அதற்குச் சம்பந்தமில்லை. ரேடாரே இல்லாத இடத்திலும் ரௌட்டர் ‘ரேடார் கேட்டது’ என்று எண்ணிக்கொள்வது உண்டு. பக்கத்து வீட்டு வைஃபையின் சிதறிய துடிப்புகளையோ மின் இரைச்சலையோ தவறாகப் புரிந்துகொள்கிறது. விதிப்படி, ஐயம் வந்தாலே ரேடார் என்று கொண்டு அது ஒதுங்கியே ஆக வேண்டும். ரௌட்டரில் நிகழ்வுப் பதிவு இருந்தால் ‘ரேடார்’ என்ற சொல்லையோ ‘டி.எஃப்.எஸ்’ என்பதையோ அதில் தேடிப் பாருங்கள். இருந்தால் ஊகத்துக்கே இடமில்லை.

தீர்வு எளிது. ‘தானியங்கி’ என்று இருக்கும் சேனல் அமைப்பை எடுத்துவிட்டு 36 அல்லது 149 என்று நிலைப்படுத்துங்கள். அனலைசரில் பார்த்து, அக்கம்பக்கத்தார் குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். அடுக்குமாடியில் இரண்டிலும் கூட்டம் இருக்கும். இருந்தாலும் கூட்டமான 36, ஆளே இல்லாமல் அடிக்கடி மறைகிற 100-ஐ விட எவ்வளவோ மேல். வேகம் சற்றுக் குறையும், இணைப்பு அறாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது: சேனல் அகலம். 36-இல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் 36 முதல் 48 வரை போகும். ரேடார்ப் பகுதியைத் தொடாது. அதே 36-இல் 160 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் 64 வரை நீண்டு, பாதி உடல் ரேடார்ப் பகுதிக்குள் போய்விடுகிறது. ‘நான் 36-இல்தானே வைத்திருக்கிறேன், ஏன் இன்னும் அறுந்துபோகிறது?’ என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இதுதான். வைஃபை 6 ரௌட்டர்கள் சில 160-ஐத் தாமாகவே தேர்ந்துகொள்கின்றன. 80-க்கு இறக்குங்கள். நெரிசல் அதிகமான குடியிருப்பில் 40 வைத்தாலும் தப்பில்லை. வீட்டு இணைப்பின் வேகம் 100 எம்.பி.பி.எஸ் என்றால் வித்தியாசமே தெரியாது.

எதிர்த் திசையிலும் ஒரு பிரச்சினை உண்டு. சில டிவிகளும் டிவியில் செருகும் ஸ்டிக்குகளும் பழைய கைபேசிகளும் நடுக் கூட்டத்துச் சேனல்களைப் பார்ப்பதே இல்லை. ரௌட்டர் இரவில் தானாக 100-க்குத் தாவியிருக்கும். காலையில் கைபேசியில் வைஃபை இருக்கும், டிவியில் மட்டும் பெயர் தெரியாது. ‘டிவி கெட்டுவிட்டது’ என்று கடைக்குத் தூக்கிப்போகுமுன் சேனலைப் பாருங்கள்.

படி 5: சூடு, அடாப்டர், இன்வெர்ட்டர்

ரௌட்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கையை வைத்திருக்க முடியாத சூடு இயல்பல்ல. டிவிக்குக் கீழே மூடிய அலமாரியில், செட்டாப் பாக்ஸின் தலைமேல், பரண்மேல் துணிமூட்டைக்கு நடுவில் என்று நம் வீடுகளில் ரௌட்டர் வாழும் இடங்கள் பரிதாபமானவை. சூடு மீறினால் சில பெட்டிகள் அலைபரப்பியின் திறனைக் குறைக்கும், அல்லது அதை நிறுத்திவிடும். மதிய அறுப்பு என்றால் பெட்டியை வெளியே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வைத்து இரண்டு நாள் பாருங்கள். சோதனைக்கு ஒரு மேசை விசிறியைத் திருப்பி வைத்தாலே போதும்.

அடாப்டர் அடுத்தது. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. ஆம்பியர் 1, 1.5, 2 என்று மாறும். வருடக்கணக்கில் இரவு பகலாக ஓடிய அடாப்டர், சும்மா இருக்கும்போது சரியாகவும் சுமை ஏறும்போது தள்ளாடியும் நடக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கும்போது மட்டும் பெட்டி முழுவதும் அணைந்து எழுந்தால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். முனையின் தடிமனும் உள்ளே நேர், வெளியே எதிர் என்ற துருவ அமைப்பும் பொருந்த வேண்டும். வீட்டில் கிடைத்த ஏதோ ஓர் அடாப்டரைச் செருகிப் பார்ப்பது ரௌட்டரையே பலி கேட்கும்.

மின்வெட்டின்போது இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கணத்தில் ரௌட்டர் அணைந்து எழுகிறதா? பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் யூ.பி.எஸ் நிலைக்கு மாற்றும் ஒரு சுவிட்ச் உண்டு. அந்த நிலையில் மாற்றம் விரைவாக நடக்கும். இல்லாவிட்டால் ரௌட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறு யூ.பி.எஸ் ஒன்றை வாங்கி வைக்கலாம். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களில் இதைவிடப் பயனுள்ள செலவு இல்லை என்பேன்.

படி 6: தூரமும் சுவரும்

ஒரே தூரத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் 2.4-ஐ விடச் சுமார் 7 டெசிபல் குறைவாக வந்து சேர்கிறது. சுவர்கள் அதை இன்னும் அதிகமாக விழுங்குகின்றன. கைபேசியில் சிக்னல் அளவை டிபிஎம் கணக்கில் பாருங்கள். -50 மிக நன்று. -67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும். -75-ஐத் தாண்டினால் இணைப்பு இழுபறியாகும். -80-க்குக் கீழே அறுந்துபோவதைக் கோளாறு என்றே சொல்ல முடியாது. அறை மாறினால்தான் அறுந்துபோகிறது, ரௌட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் இல்லை என்றால் இதுதான் காரணம்.

கான்கிரீட் சுவரைவிட மோசமானது இரும்பு பீரோ. ரௌட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவில் பீரோ நின்றால் ரௌட்டரை இரண்டடி நகர்த்தினாலே நிலைமை மாறும். ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி ஆகியவையும் அலையைத் தடுக்கும். மாடிக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் போக வேண்டும் என்று தவம் கிடப்பதைவிட, லேன் கேபிள் இழுத்து அங்கே ஒரு தனி அக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டி வைப்பது நிரந்தரத் தீர்வு.

படி 7: பெயர் தெரிகிறது, இணைய மறுக்கிறது

பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய கைபேசிகளும் பிரிண்டர்களும் உள்ளே வர முடியாது. அதுவும் பழைய டபிள்யூ.பி.ஏ.2-உம் கலந்த நிலையிலும் சில கருவிகள் இணைந்து இணைந்து அறுந்துபோகும். சோதனைக்காக டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ் என்று மட்டும் வையுங்கள். நிர்வாகச் சட்டகப் பாதுகாப்பு, அதாவது பி.எம்.எஃப், ‘கட்டாயம்’ என்றிருந்தால் ‘விருப்பம்’ என்று மாற்றுங்கள். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்துவிட்டுச் சோதிக்க வேண்டாம்.

மடிக்கணினி மட்டும் பெயரையே காணவில்லை, கைபேசிக்குத் தெரிகிறது என்றால் டிரைவர், அதாவது வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருள் பழையதாக இருக்கலாம். இன்டெல் வைஃபை அட்டைகளின் பழைய டிரைவர்களுக்கு வைஃபை 6 ரௌட்டரின் பெயரே தெரியாமல் போனது பரவலாக அறியப்பட்ட சிக்கல். டிரைவரைப் புதுப்பியுங்கள், அதற்கும் இணையம் வேண்டுமே என்றால் கைபேசியை யூ.எஸ்.பி கேபிளில் செருகி அதன் இணைப்பைப் பயன்படுத்தலாம்.

‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்பதில் நின்றாலோ 169.254 என்று தொடங்கும் முகவரி கிடைத்தாலோ, ரௌட்டர் முகவரி வழங்கவில்லை. நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ரௌட்டரை வைத்திருக்கும் வீடுகளில் இது சகஜம். இரண்டும் 192.168.1.1 என்று உட்கார்ந்துகொண்டு, இரண்டும் முகவரி வழங்கினால் குழப்பம்தான். இரண்டாவதை அக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றுங்கள்.

படி 8: ஒரே ஒரு கருவிக்கு மட்டும் என்றால்

ரௌட்டரை விட்டுவிடுங்கள். அந்தக் கருவியில் வைஃபை பெயரை ‘மறந்துவிடு’ செய்து மீண்டும் இணையுங்கள். கைபேசியில் ‘வைஃபை சரியில்லையென்றால் மொபைல் டேட்டாவுக்கு மாறு’ என்ற வசதி இயங்கினால் அறுத்தது ரௌட்டர் அன்று, கைபேசியேதான். விண்டோஸ் மடிக்கணினியில் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பண்புகளைத் திறந்து, மின்சேமிப்புக்காக இதை அணைக்கலாம் என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். தூக்கத்திலிருந்து எழுந்ததும் இணைய மறுக்கும் மடிக்கணினிகளில் பல இதோடு திருந்திவிடும்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அறுந்துபோகும் வீடுகளுக்கு

இங்கே ரேடார் கிடையாது, நெரிசல்தான். ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்து இம்மூன்றில் ஒன்றை நிலைப்படுத்துங்கள். 12, 13 வேண்டாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவிகளுக்கு அவை தெரியாமல் போகலாம். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் பால் சுடவைக்கும் இரண்டு நிமிடம் மட்டும் அறுந்துபோவது உண்டு. யூ.எஸ்.பி 3 வன்தட்டும் அதன் கேபிளும் 2.4 பகுதியில் இரைச்சலைக் கசியவிடும் என்பதை இன்டெல் 2012-இலேயே ஆவணப்படுத்தியிருக்கிறது. வன்தட்டை ரௌட்டரிலிருந்தும் மடிக்கணினியின் வயர்லெஸ் மவுஸிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

படி 9: மென்பொருள், பிறகு ரீசெட்

மேலே உள்ள எதுவும் உதவவில்லை என்றால் ஃபர்ம்வேருக்கு, அதாவது ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு உண்டா என்று பாருங்கள். கடையில் வாங்கிய ரௌட்டருக்குத் தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும். மாடல் எண்ணோடு வன்பொருள் பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். லேன் கேபிள் வழியே ஏற்றுங்கள், நடுவில் மின்சாரம் போகாத நேரமாகப் பாருங்கள். நிறுவனம் கொடுத்த பெட்டியை அவர்களே தொலைவிலிருந்து புதுப்பிக்கிறார்கள். நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று திடீரென்று மாறியிருந்தால், அப்படியொரு புதுப்பிப்பு உங்கள் சேனல் அமைப்பைத் ‘தானியங்கி’க்குத் திருப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரீசெட் ஊசித்துளையைக் குத்துவது கடைசி. ஃபைபர் பெட்டியில் அது வைஃபை பெயரை மட்டும் அழிக்காது, நிறுவனத்தோடு இணைவதற்கான பி.பி.பி.ஓ.இ பயனர்பெயர், கடவுச்சொல், வி-லேன் எண் எல்லாவற்றையும் துடைத்துவிடக்கூடும். பிறகு லைன்மேன் வரும்வரை வீட்டில் இணையமே இருக்காது. சனிக்கிழமை மாலை குத்தினால் திங்கள்வரை கூடக் காத்திருக்க நேரும். குத்துமுன் அந்தப் பக்கங்களைப் படமெடுங்கள். கடவுச்சொல் நட்சத்திரங்களாக மறைந்திருந்தால் நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தைக் கூப்பிடும்போது

‘நெட் வரவில்லை’ என்று சொன்னால் எதிர்முனை ‘அணைத்துப் போடுங்கள்’ என்றுதான் சொல்லும். ‘லாஸ் விளக்கு எரியவில்லை, 2.4 ஓடுகிறது, சேனல் 36-இல் 80 அகலத்தில் நிலைப்படுத்தியிருக்கிறேன், அடாப்டரை மாற்றிப் பார்த்தேன், 5 ஜிகாஹெர்ட்ஸின் பெயர் இந்தத் தேதிகளில் இந்த நேரங்களில் மறைந்தது’ என்று தாளைப் பார்த்துப் படியுங்கள். அலைபரப்பி பழுது என்ற முடிவுக்கு வர அவர்களுக்கு வேறு வழி இருக்காது. புகார் எண்ணை வாங்கிக்கொண்டு பெட்டியை மாற்றித் தரச் சொல்லுங்கள். இணைந்தே இருந்து இணையம் மட்டும் போகும் வகை என்றால், பெட்டிக்கு வந்து சேரும் ஒளித்திறனைக் கேளுங்கள். ஜிபான் எனப்படும் ஃபைபர் பெட்டிகள் பொதுவாக -8 முதல் -27 டிபிஎம் வரை தாங்கும். -27-ஐ ஒட்டியிருந்தால் கம்பத்திலோ வீட்டு வாசலிலோ ஃபைபர் எங்கோ மடிந்திருக்கலாம் அல்லது இணைப்பான் அழுக்கேறியிருக்கலாம்.

புதிய பெட்டி வந்ததும் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே அதற்கு வைத்துவிடுங்கள். பாதுகாப்பு வகையும் அதேபோல் இருந்தால் டிவி, கேமரா, பல்பு என்று ஒவ்வொன்றையும் மறுபடி இணைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சேனலை மட்டும் அன்றே நிலைப்படுத்துங்கள். புதிய பெட்டியும் ‘தானியங்கி’யில்தான் வரும்.